சிறுவிடை அடைக்கு உட்கார்ந்த கதை

கோழிகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் எந்தக் கோழியும் அடைகாத்ததில்லை. மேயப் போகிற வழியில், ஓடை மணல் எங்கே சூடாக இருக்கிறதோ அங்கே முட்டையிடும். காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டு நடையைக் கட்டும். மீதியை வெயில் பார்த்துக்கொண்டது. குஞ்சுகள் தாமாகவே மணலைக் கிளறிக்கொண்டு வெளியே வந்து, கண்ணில் பட்ட கோழியின் பின்னால் போயின. யார் வீட்டுக் குஞ்சு என்று யாரும் கேட்டதில்லை.

அந்த ஓடைக்கரையில் வெள்ளத்தாயி என்றொருத்தி குடியிருந்தாள். அவள் புருஷன் சுடலை, ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராக வயல்களில் உரத்துக்குக் கிடை போடப் போகிறவன். போனால் திரும்புவதற்கு மாதக்கணக்காகும். களையெடுப்பு, தண்ணீர், விறகு, மாடு, படுத்த படுக்கையாகக் கிடந்த மாமனாருக்குக் கஞ்சி ஊட்டுவது எல்லாம் அவள் தலையில்தான். கோழிகள் மட்டும் அவளுக்குப் பாரமாக இருந்ததில்லை. விடிந்ததும் காட்டுக்குப் போய்த் தாமே இரை தேடிக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும் வேப்பமரத்தில் ஏறி அடையும்.

அந்தக் கோழிகளில் ஆகச் சின்னது சிறுவிடை. ஒரு கையில் அடங்கிவிடும். எங்கே தானியம் கிடந்தாலும் பெரிய கோழிகள் அதை விரட்டிவிட்டுத் தின்னும். அதனால் பாதி இரைக்கு அது இரண்டு மடங்கு நடக்க வேண்டியிருந்தது.

ஒரு வருஷம் மழை பிடித்தது, விடவே இல்லை. வெயிலையே மறந்து போகிற அளவுக்கு மூடாக்கு. ஓடை மணல் சில்லிட்டுப் போயிற்று. புதைந்து கிடந்த முட்டைகள் கூமுட்டையாகி நாறின. இருக்கிற கோழிகளைப் பருந்தும் கீரியும் நோயும் கொண்டு போயின. புதிதாகக் குஞ்சு ஒன்றுகூட வரவில்லை. இப்படியே போனால் அந்தக் கரையில் கோழி என்று ஒன்று இருக்காது.

வெள்ளத்தாயி நனைந்துகொண்டே மணலைத் தோண்டினாள். கெடாமல் இருந்த முட்டைகளை மடியில் கட்டி எடுத்துவந்து, மாட்டுக்கொட்டகை மூலையில் ஒரு கூடையில் வைக்கோல் பரப்பி வைத்தாள். ஈர விறகில் அடுப்பே நின்று எரியவில்லை. முட்டைக்கு எங்கே சூடு காட்டுவது? கோழிகளைக் கூப்பிட்டு, யாராவது ஒருத்தர் மேலே உட்கார்ந்தால் உடம்புச் சூடாவது கிடைக்கும் என்றாள். பெருவிடைக் கோழி, தன் கனத்துக்கு முட்டை உடைந்துவிடும் என்றது. இன்னொன்று, உட்கார்ந்தால் இரைக்கு எங்கே போவது என்று கேட்டது. சேவல், தான் கூவாவிட்டால் சூரியன் வருவதே சந்தேகம் என்று சொல்லிவிட்டுப் போனது.

சிறுவிடை கூடைக்குள் ஏறி, முட்டைகளை வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தது. வெள்ளத்தாயிக்குக் கண் கலங்கிவிட்டது. நீ நல்லாயிருப்பே என்றாள்.

"முட்டைக்காக ஒண்ணும் உட்காரல தாயி," என்றது சிறுவிடை. "கால் வலிக்கி. எங்கயாவது உட்காரணும். இது மெத்துனு இருக்கு."

அப்படித்தான் அது உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகு அதன் உடம்பில் ஒரு காந்தல் பிடித்தது. சூட்டுக்கும் முட்டைக்கும் நடுவே இறகு இடைஞ்சலாக இருக்கவே, நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போட்டது. நாளைக்கு ஒரு தடவை இறங்கி, அவசர அவசரமாக நாலு கம்பு மணியைக் கொத்தி, தண்ணீர் குடித்துவிட்டு ஓடி வந்து ஏறிக்கொண்டது. கொண்டை வெளிறியது. ஆனாலும் அதை யாரும் விரட்டவில்லை. பெருவிடைகூட அந்தப் பக்கம் வந்தால் ஒதுங்கிப் போனது.

ஒரு மத்தியானம் மாமனாருக்குத் துணி மாற்றிவிட்டு வெள்ளத்தாயி கொட்டகைக்கு வந்தாள். முட்டைக்குள் ஏதோ அசைகிறது என்று சிறுவிடை மெதுவாகச் சொன்னது. பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தது.

"நீயும் செத்த நேரம் உட்காரேன்."

கம்பு இடிக்கணும், சாணி அள்ளணும் என்றாள். அதெல்லாம் எங்கேயும் போகாது என்றது கோழி. வெள்ளத்தாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கூரையிலிருந்து மழை வடிந்துகொண்டிருந்தது. எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. மாடு கத்தித்தான் எழுந்தாள். கல்யாணமாகி வந்த பிறகு பகலில் அப்படி உட்கார்ந்ததாக அவளுக்கு நினைவில்லை.

குஞ்சுகள் பொரிந்தன. கொஞ்ச நாளில் மழையும் விட்டது. சிறுவிடை குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு காடெல்லாம் திரிந்தது, கிளறக் கற்றுக்கொடுத்தது, பருந்து வந்தால் இறக்கைக்குள் வாங்கிக்கொண்டது. குஞ்சுகள் வளர்ந்து தம் பாட்டைப் பார்த்துக்கொண்டு போன பின், அது நேராகக் கூடைக்கு வந்து மறுபடியும் உட்கார்ந்தது.

கூடையில் முட்டை இல்லை.

இருந்துவிட்டுப் போகட்டும் என்று வெள்ளத்தாயி முதலில் விட்டுவிட்டாள். ஆனால் முட்டை இருந்தபோது அப்படி உட்காருவதற்கு ஒரு முடிவு இருந்தது. வெறும் வைக்கோல் என்றைக்குப் பொரியும்? கோழி இப்போது இரைக்குக்கூட இறங்கவில்லை. கையை விட்டுத் தூக்கினால் எலும்புதான் தட்டுப்பட்டது.

அந்தச் சமயத்தில் சுடலை திரும்பி வந்தான். மழையில் பாதி ஆடு செத்துப்போயிருந்தது. அவனும் பாதியாகியிருந்தான். கொட்டகையில் கோழியைப் பார்த்துவிட்டு, கோபம் எதுவும் இல்லாமல்தான் சொன்னான்.

"தானாச் செத்தா யாருக்கும் ஆகாது. சாயங்காலம் அறுத்துரு. அப்பாவுக்குச் சாறாவது வச்சுக் குடுக்கலாம்."

வெள்ளத்தாயி கொட்டகைக்குப் போய்க் கூடையின் முன்னால் குந்தினாள்.

"எந்திரி. அவரு உன்னை அறுக்கச் சொல்லுதாரு."

சிறுவிடை கண்ணைத் திறக்கவில்லை. "அறுத்துட்டா எந்திரிக்க வேண்டாம்லா," என்றது.

வேறு யாராவது கேட்டிருந்தால் கிறுக்குக் கோழி என்று திட்டியிருப்பார்கள். வெள்ளத்தாயியால் திட்ட முடியவில்லை. அது சொன்னது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. அதனால்தான் பயமாக இருந்தது.

இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்கினாள். கோழி சிலிர்த்துக்கொண்டு கொத்தியது. கையில் ரத்தம் வந்தது. விடாமல் மாட்டுத்தொட்டிக்குக் கொண்டுபோய்க் கழுத்து வரைக்கும் தண்ணீரில் முக்கினாள். அத்தனை நாள் சேர்ந்திருந்த சூடு குளிர்ந்த தண்ணீரில் இறங்கியது. தூக்கினாள், திரும்பவும் முக்கினாள்.

"நான் ஏன் உட்காந்தேன்னு உனக்குமா தெரியல தாயி?" என்றது கோழி.

"தெரியும்," என்று சொல்லி இன்னொரு தடவை முக்கினாள்.

வெயிலில் இறக்கி விட்டபோது அது நடுங்கிக்கொண்டு அப்படியே நின்றது. வெகுநேரம் நின்றது. காலடியில் ஒரு கரையான் ஊர்ந்தது. குனிந்து கொத்தியது. பிறகு ஒரு எட்டு வைத்தது. பிறகு இன்னொன்று. நாளாக ஆகக் கொண்டை சிவந்து, ஒரு முட்டையும் இட்டது. சுடலை அறுக்கும் பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் சிறுவிடை அதற்குப் பிறகு பேசவில்லை. வெள்ளத்தாயி எத்தனையோ தடவை பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். அது கொர்ர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோனது. அதைப் பார்த்து மற்றக் கோழிகளும் ஒவ்வொன்றாகப் பேச்சை விட்டுவிட்டன.

அன்று பிடித்த பழக்கம்தான். முட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிறுவிடை அடைக்கு உட்காருகிறது; கிட்டே போனால் கொர்ர் என்கிறது. அடை தெளிய வேண்டுமென்று பெண்கள் அதைத் தூக்கித் தண்ணீரில் முக்குகிறார்கள். முக்கும்போது அதன் முகத்தைப் பார்ப்பதில்லை. வெயிலில் இறக்கி விட்டுவிட்டு, கையை உதறிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.