கப்பல் செட்டி வீட்டின் மேல்பாதி

டொக்.

இருட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பழந்துறை நகரத்தின் நடு வீதியில், அறுநூறு வருஷத்துக் கப்பல் செட்டி வீட்டின் வாசல் பக்கமிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது. ஜெசிந்தா தொட்டிலை ஆட்டிய கையை நிறுத்தினாள். பல் முளைக்கிற அவஸ்தையில் மூன்று நாளாகக் கண்மூடாத பிள்ளை அப்போதுதான் அசந்திருந்தது.

டொக். டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டொக், டொக். ஒவ்வொரு டொக்குக்குப் பிறகும் ஒரு குரல் மெதுவாக, "மன்னிக்கணுங்க" என்றது.

மன்னிப்புக் கேட்கிற பேயைப் பற்றி அவள் கேள்விப்பட்டதே இல்லை. அதனாலேயே இன்னும் அதிகமாகப் பயந்தாள்.

அந்தப் பழைய வணிகர் வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது ஜெசிந்தாவின் வேலை. குடியிருப்பும் அங்கேயே, பின்கட்டில். வாசல் கதவுக்குக் குறுக்கே போடுகிற கணையமரத்தைத் தூக்க அவள் புருஷன் சவரியால்தான் முடியும். அவன் படகு வேலைக்குக் கொச்சி போய் ஆறு வாரம். மேல்தாழ்ப்பாளோ துருப்பிடித்து, அவள் கைக்கு அசையாது. ஆறு வாரமாகக் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்து, அதன்மேல் எவர்சில்வர் குடத்தை நிறுத்தி, ஜெபமாலையும் கையுமாகத்தான் படுக்கிறாள். இன்றைக்கு நாற்காலியும் குடமும் இன்னும் வைக்கவில்லை; கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, டார்ச்சோடு வாசலுக்குப் போனாள். நடைக்குள் ஐந்து பேர் வரிசையாக நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள்.

"யாருய்யா அது?"

"நாங்கதாம்மா. மத்தியானம் வந்த அசங்காப்பட்டிக்காரங்க," என்றார் முன்னால் நின்ற தவசிலிங்கம். அந்த ஐவரில் புத்திசாலி என்று பெயர் எடுத்தவர் அவர்.

"பார்த்துட்டுத்தானே போனீங்க?"

"பாதி வீடுதாம்மா பார்த்தோம்."

நடந்தது இதுதான். மத்தியானம் இவர்கள் நுழைந்தபோது, "வாசப்படி தாழ்வு, தலையைக் குனிஞ்சுக்கோங்க" என்று ஜெசிந்தா சொன்னாள். குனிந்தார்கள். நிமிரச் சொல்ல அவள் மறந்துவிட்டாள். கூடம், முற்றம், சரக்கறை, மாடி எல்லாவற்றையும் ஐவரும் தாடை நெஞ்சில் இடிக்க, குனிந்த தலையோடு சுற்றினார்கள். பழைய வீட்டின்மேல் என்ன பக்தி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"பஸ் ஸ்டாண்டுல உக்காந்து, யார் யார் என்ன பார்த்தோம்னு பேசினோம்," என்றார் தவசிலிங்கம். "நான் செங்கல் தரையைப் பார்த்தேன். மூக்கையாவும் அதையேதான் பார்த்திருக்கான். சன்னாசி மட்டும் உங்க செருப்பைப் பார்த்திருக்கான்."

"நல்ல செருப்பும்மா," என்றான் சன்னாசி.

"தூணெல்லாம் காட்டினேனே?"

"அடிப்பக்கம் ரொம்ப அழகு. ஆனா அந்த வீட்டுக்குக் கூரை இருந்துச்சான்னு ஊர்ல கேட்டா என்ன சொல்றது? அதான் மேல்பாதியைப் பார்க்க வந்தோம். இந்தத் தடவை என்ன ஆனாலும் தலை குனியறதில்லைன்னு தீர்மானம்."

"கதவுகிட்ட எதுக்கு மன்னிப்பு?"

"வயசான கதவாச்சே. இடிச்சது நாங்கதானே?"

ஜெசிந்தா குரலைத் தாழ்த்திக் கண்டித்தாள். "இதப் பாருங்க. ஆறு மணிக்கு மேல யார் வந்து தட்டினாலும் இந்தக் கதவைத் திறக்கக் கூடாது. பார்க்கிறதா இருந்தா காலைல ஒன்பது மணிக்குத்தான். அப்புறம், பிள்ளை தூங்குது. ஒரு சத்தம் வரக் கூடாது."

ஐவரும் இதை உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்தார்கள். பிறகு சத்தமே வரவில்லை. மூக்கையாவின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனபோதுதான் அவளுக்குப் புரிந்தது.

"மூச்சு விடலாம்," என்றாள். ஐந்து பேரும் ஒன்றாக விட்டதில் பிள்ளையின் தலைமுடி பறந்தது.

அப்போதுதான் அவர்களுடைய கைகளைக் கவனித்தாள். மூட்டை தூக்கிப் பழகிய கைகள். மூன்று நாள் தூக்கமில்லாத மண்டைக்குள் ஒரு யோசனை பிறந்தது.

"போறதுக்கு முன்னாடி ஒரு உதவி செய்யுங்க. இந்தக் கணையமரத்தைத் தூக்கிக் கதவுக்குக் குறுக்கே போட்டுடுங்க."

போட்டபிறகு எப்படிப் போவது என்று அவர்கள் கேட்கவில்லை. அவளும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் நேரம்தான் ஆகியிருக்கும்.

மரத்தைப் பூப்போல் தூக்கினார்கள். ஆனால் கதவு ஒரு விரல்கடை தொங்கியிருந்ததால் மரம் பொருந்தவில்லை. வெளியே நின்று யாராவது வளையத்தைப் பிடித்து இழுக்க வேண்டும்.

"சன்னாசி, நீ வெளிய போ," என்றார் தவசிலிங்கம்.

"நான் போனா நாலு பேர்தானே தூக்குவீங்க? அம்மா அஞ்சு பேர்கிட்டல்ல சொன்னாங்க?"

"அதுவும் சரிதான். அப்ப எல்லாரும் போவோம்."

மரத்தைக் கீழே வைத்துவிட்டு ஐவரும் வெளியே போய் வளையத்தை இழுத்தார்கள். உள்ளே மரம் தரையிலேயே கிடந்தது. ஏன் எழவில்லை என்று பார்க்க ஐவரும் உள்ளே வந்தார்கள். போக ஐந்து டொக், வர ஐந்து டொக். பிள்ளை சிணுங்கியது.

"விடுங்க, நானே இழுக்கிறேன்!" என்று ஜெசிந்தா பிள்ளையோடு குனிந்து வெளியே போய், ஒற்றைக் கையால் வளையத்தை இழுத்தாள்.

டொம். மரம் உட்கார்ந்தது.

"அப்பாடா!" என்றாள். ஆறு வாரத்தில் இப்போதுதான் நெஞ்சு படபடப்பு அடங்கியது. காற்றுகூட நன்றாக வீசியது. வீட்டுக்குள் இவ்வளவு காற்று எப்படி வருகிறது என்று திரும்பினாள். எதிர்ச் சாரி டீக்கடைக்காரர் ஆற்றின டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா அவசரமாகக் கதவைத் தட்டினாள். உள்ளே கிசுகிசுவென்று பேச்சு.

"யாரோ தட்டுறாங்க."

"ஆறு மணி தாண்டியாச்சா?"

"எப்பவோ."

"அப்ப திறக்கக் கூடாது. அம்மா சொல்லியிருக்காங்க."

"குரல் அம்மா மாதிரி இருக்கே?"

"அம்மா சொன்னதை அம்மாவே மீறச் சொல்லுவாங்களாடா?"

"அதுவும் சரிதான்."

"நான்தான்யா! கதவைத் திறங்க!" என்று கத்தினாள்.

"உஷ்!" என்றது உள்ளிருந்து. "பிள்ளை தூங்குது."

பிறகு கதவிடுக்கில் தவசிலிங்கத்தின் குரல் மிகவும் கனிவாக வந்தது. "காலைல ஒன்பது மணிக்கு வாங்கம்மா. வாசப்படி தாழ்வு, தலையைக் குனிஞ்சுக்கோங்க. ஆனா உள்ள வந்ததும் நீங்களா நிமிர்ந்துக்கணும். இங்க இருக்கிறவங்க சொல்ல மாட்டாங்க."

எதற்கும் இருக்கட்டும் என்று சன்னாசி அந்தத் துருப்பிடித்த மேல்தாழ்ப்பாளையும் இழுத்துப் போட்டான்.