கணப்புக்கு வெளியே குருவம்மா

ஒரு ஊர்ல ஒரு கணப்பு. ராஜா இல்ல, ராணி இல்ல, கணப்பு தான். நடுவுல நெருப்பு மூட்டி சுத்தி உக்காந்து குளிர் காய்வாங்கல்ல, அது. ஊரு முழுக்க அது ஒண்ணே ஒண்ணு தான் இருந்துச்சு.

ஊரு பேரு ஈரப்பள்ளம். மேகம் நடந்து வந்து வாசல்ல செருப்பைக் கழட்டுற உயரத்துல, மலை மேல இருந்துச்சு. ஐப்பசி பொறந்ததுமே அங்க வீட்டு அடுப்பு எல்லாத்தையும் தண்ணி ஊத்தி அவிச்சிடுவாங்க. புஸ்ஸ்ஸ்! ஏன்னா மழைக்காலத்துல காஞ்ச விறகு கிடைக்காது. வீட்டுக்கு வீடு எரிச்சா கார்த்திகை முடியறதுக்குள்ள தீந்துடும். அதனால ஊரு விறகு மொத்தத்தையும் சாவடியில அடுக்கி வச்சு, நடுவுல ஒரு கணப்பு. சமையல் அதுல தான். பொழுது சாஞ்சா ஊரே அதைச் சுத்தித் தான்.

அப்புறம் அங்க என்னென்ன நடக்கும் தெரியுமா? வறுகடலை மணக்கும். சாம்பலுக்குள்ள சக்கரைவள்ளிக் கிழங்கு புதைஞ்சு வேகும். பெரிய பானையில சுக்குக்காப்பி கொதிக்கும், தளபுள தளபுளன்னு. வெளிய மழை சடசடன்னு ஓட்டு மேல விழும், உள்ள ஒரே கம்பளிக்குள்ள மூணு பேரு முழங்காலை இடிச்சுக்கிட்டு உக்காந்து விடுகதை போடுவாங்க. தோத்தவன் கடலைத் தொலியைப் பொறுக்கணும். நினைச்சாலே சொகமா இருக்குல்ல?

ம்.

யாருக்குச் சொகம்னு கேளு.

அந்த ஊர்ல ஒரு வழக்கம் இருந்துச்சு. பிள்ளைக்குப் பால் குடுக்கிறவ கணப்பு கிட்ட வரக்கூடாது. வந்தா நெருப்புச் சூட்டுல பால் வத்திடுமாம். யாரு சொன்னா? யாரோ சொன்னாங்க. எப்போ? எப்பவோ. அதனால பிள்ளை பெத்தவ சாவடி வாசப்படிக்கு வெளிய, சாரல் தெறிக்கிற கல்லு மேல உக்காரணும். கைப்பிள்ளை அம்மாவை விட்டு இருக்குமா? அதுவும் அங்க தான்.

அந்த வருஷம் அந்தக் கல்லு மேல உக்காந்தவ பேரு குருவம்மா. வேற மலையில பொறந்து இங்க வாக்கப்பட்டவ. அவ மகளுக்கு நாப்பது நாளு கூட ஆகல. உள்ளங்கையில வச்சா முட்டி மடங்கி, பொதிஞ்ச பூண்டு மாதிரி இருக்கும். உள்ள எரியுதே விறகு, அதுல பாதி குருவம்மா நிறைமாசத்துல, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, தலைச்சுமையா கொண்டு வந்தது. அவ உள்ள எட்டிப் பார்த்தா. எல்லார் முகமும் செவசெவன்னு ஜொலிச்சுச்சு. அவ மூக்கு மட்டும் நீலம்.

அப்போ முதல் நாள் பொழுது சாயற நேரம். பள்ளத்துக்குள்ள இருந்து ஒருத்தன் ஏறி வந்தான். பனைமர உசரம். இடுப்புல நனைஞ்ச கோணி. மீசை முழுக்கப் பனி. அவன் தான் கூதலன். குளிரு இருக்குல்ல, அதோட உருவம். ஆனா பேச்சு மட்டும் தேனு.

"ஹூஊஊஊ... நல்லா இருக்கியா தாயி?"

"யாருய்யா நீ? தள்ளி நில்லு."

"கோவிச்சுக்காத தாயி. கணப்பைச் சுத்தி இருக்கிறவங்க நெருப்புக்குச் சொந்தம். வெளிய இருக்கிறவங்க எனக்குச் சொந்தம். நானா வச்ச வழக்கமா? உள்ள இருக்கிறவங்க வச்சது. பிள்ளையோட சூட்டைக் குடு, போயிடுறேன்."

குருவம்மா பிள்ளையை இறுக்கி அணைச்சுக்கிட்டா. "பிள்ளையைத் தொடாத! என் கால்ல இருக்கிற சூட்டை எடுத்துக்க."

கூதலன் குனிஞ்சு ஒரே ஊது, ஃபூஊ! முழங்கால் வரைக்கும் மரத்துப் போச்சு. "நாளைக்கு வரேன்"னு பள்ளத்துல இறங்கிட்டான்.

அவ வாசல்ல இருந்தபடியே மாமியாரைக் கூப்பிட்டா. மாமியார் பேரு காத்தாயி. சுளகுல கடலையை வச்சு, மொறுக் மொறுக்குன்னு தின்னுக்கிட்டு இருந்தா.

"அத்தை, கால் விறைச்சுப் போச்சு. பிள்ளையோட ஒரு ஓரமா உள்ள உக்காந்துக்கவா?"

"அடி இவளே! நான் பெறலையா? நானும் அந்தக் கல்லு மேல உக்காந்து தான் பால் குடுத்தேன். உனக்கு மட்டும் மெத்தை கேக்குதோ?" காத்தாயி ஒரு கை கடலையை வாசல் பக்கம் நீட்டினா. "இந்தா, தின்னு. சூடு வந்துடும்."

அவ நீட்டின கையில இருந்து வாங்குறதுக்குள்ள கடலை ஆறிப் போச்சு.

கேக்குறியா? ம்.

அப்புறம் ரெண்டாம் நாள். அன்னைக்கு மழையோட காத்தும் சேர்ந்துச்சு. சாவடிக்குள்ள சுக்குக்காப்பி ஊத்துறாங்க, உறிஞ்சுற சத்தம் மட்டும் வாசலுக்கு வருது, ஸ்ர்ர்ர், ஸ்ர்ர்ர். கூதலனும் வந்தான்.

"ஹூஊஊ... பிள்ளை தூங்குதா தாயி? இன்னைக்காவது குடுப்பியா?"

"என் கையில இருக்கிறதை எடுத்துக்கிட்டு ஓடிப் போ!"

ஃபூஊ! ரெண்டு கையும் கட்டையாப் போச்சு. பிள்ளையைப் பிடிச்சிருக்கமா விட்டுட்டமான்னு அவளுக்கே தெரியல. குனிஞ்சு குனிஞ்சு பார்த்துக்கிட்டா. உள்ள அவ புருஷன் நல்லய்யன் உக்காந்திருந்தான். நல்லவன் தான். நல்லவனா இருந்து என்ன பிரயோசனம்?

"ஏங்க, கை வேலை செய்யல. பிள்ளை நழுவிடுமோன்னு பயமா இருக்கு. நீங்களாவது சொல்லுங்களேன்."

நல்லய்யன் அம்மாவைப் பார்த்தான். அப்புறம் பெரியவங்களைப் பார்த்தான். அப்புறம் காப்பியைப் பார்த்தான்.

"நாலு பேரு முன்னால நான் என்னத்தைச் சொல்ல? கொஞ்சம் பொறுத்துக்க குருவு. தை வந்தா வெயில் வந்துடும்."

"தை வரைக்கும் பிள்ளை பொறுக்குமாங்க?"

பக்கத்துல இருந்தவன் சிரிச்சான். "நல்லய்யா, உன் பொண்டாட்டி கம்பளிக்கு அடி போடுறா!" எல்லாரும் சிரிச்சாங்க. நல்லய்யனும் சிரிச்சான். கொஞ்சமாத் தான் சிரிச்சான். ஆனா சிரிச்சான்.

தூங்கிட்டியா? இந்த இடத்துல தூங்கக்கூடாது. ம் சொல்லு.

மூணாம் நாள். அன்னைக்கு மழையே இல்ல. மழை இல்லாத குளிரு தான் மோசம். இலை கூட அசையல. கூதலன் சத்தமே இல்லாம வந்து பக்கத்துல குத்தவச்சான். மீசைப் பனி பிள்ளை மேல உதிர்ந்துச்சு.

"தாயி, உன் கிட்ட இருந்ததை எல்லாம் குடுத்துட்ட. நீ நல்ல பொம்பள. இன்னைக்குப் பிள்ளை தான்."

அப்படிச் சொல்லி ஒரு விரலை, ஒரே ஒரு விரலை, பிள்ளை நெஞ்சுல வச்சான்.

பிள்ளை அழல. அழுதாக்கூடத் தேவலை. உதடு நாவப்பழம் தின்ன மாதிரி ஆச்சு. கண்ணு பாதி மூடிக்கிச்சு. மார்ல வச்சா, சப்பல. குருவம்மா உள்பக்கம் திரும்பினா.

"மன்னாடி ஐயா!"ன்னு கத்தினா. மன்னாடின்னா ஊருக்குப் பெரியவர். கணப்புல நல்ல எடமா பார்த்து, காத்துக்கு முதுகு காட்டி உக்காந்திருப்பாரு. அப்போ அவரு சோளக்கதிரைச் சுட்டுக்கிட்டே விடுகதை போட்டுக்கிட்டு இருந்தாரு.

"உடம்பெல்லாம் பல்லு, ஒருத்தரையும் கடிக்காது. அது என்ன?"

"மன்னாடி ஐயா, பிள்ளை கண்ணைச் சொருகுது! உள்ள விடுங்க!"

மன்னாடி திரும்பக் கூட இல்ல. கதிரைத் திருப்பினாரு. டப்பு டப்புன்னு வெடிச்சுச்சு. "விடை தெரிஞ்சா சொல்லு தாயி. தெரியலைன்னா விளையாட்டைக் கெடுக்காத. உள்ள வந்து பால் வத்திப் போச்சுன்னா பிள்ளை பட்டினியில சாகும். உன் நல்லதுக்குத் தான் வழக்கமே வச்சது."

உன் நல்லதுக்குத் தான்.

அந்த வார்த்தை குருவம்மா காதுல விழுந்துச்சு பாரு, அப்போ வந்துச்சு கோவம். எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? மரத்துப் போன கால்ல இருந்து. கட்டை விரல்ல சுர்ருன்னு பத்திச்சு. முழங்காலுக்கு வந்துச்சு, வயித்துக்கு வந்துச்சு, கையில விறுவிறுன்னு ஓடிச்சு, காது மடல் ரெண்டும் கங்கு மாதிரி ஆச்சு. பிள்ளை நெஞ்சுல இருந்த கூதலன் விரலைப் பிடிச்சா. மடக்குன்னு ஒடிச்சா! குச்சிப் பனி மாதிரி ஒடிஞ்சு விழுந்துச்சு.

"போடா நாயே!"ன்னா.

அப்புறம் வாசப்படியைத் தாண்டினா.

"ஏய்! ஏய்!" "பால் குடுக்கிறவ உள்ள வராடோய்!" ஒருத்தன் காலை மறிச்சு நீட்டினான், மிதிச்சுக்கிட்டே போனா. சுக்குக்காப்பிச் சட்டி கவுந்துச்சு, கடலை சிதறிச்சு. நேரா மன்னாடி முன்னால போய் நின்னா.

"நகரு."

"என்னது?"

"சோளக்கதிருய்யா உன் விடை. சொல்லிட்டேன். நகரு!"

மன்னாடி வாயைத் திறந்தபடி நகர்ந்தாரு. குருவம்மா அந்த எடத்துல சப்பணம் போட்டு உக்காந்தா. நெருப்புக்கு நேரா பிள்ளை உள்ளங்காலைக் காட்டினா, முதுகைக் காட்டினா, தேய்ச்சா, ஊதினா, மறுபடியும் தேய்ச்சா. ஊரு மொத்தமும் கத்துது, அவ காதுல ஒண்ணும் விழல. நெருப்பு சடசடங்குது. வாசல்ல கூதலன் நிக்கிறான். "வெளிய வாயேன் தாயி"ங்கிறான். உள்ள கால் வைக்க அவனால முடியல.

அப்போ, பிள்ளை ஒரு தடவை நெளிஞ்சுச்சு.

அப்புறம் வாயைத் திறந்து, ங்ங்ஆஆஆன்னு வீறிட்டுச்சு பாரு! ஓட்டுல இருந்த தூசி உதிர்ந்துச்சு.

அந்த அழுகையைக் கேட்டதும் குருவம்மா மார்ல பால் சுரந்துச்சு. சுரந்துச்சுன்னா எப்படி? ரவிக்கை நனைஞ்சு, சேலை நனைஞ்சு, மடியில சொட்டி, ஒரு துளி கங்குல விழுந்து சொய்ங்னுச்சு. மூணு நாளா குளிருல கட்டிக்கிட்டு இருந்த பாலு. சூடு பட்டதும் இளகிக்கிச்சு.

பிள்ளை மொடக் மொடக்குன்னு குடிக்கிற சத்தம் மட்டும் தான்.

"வத்திடும்னீங்களே"ன்னா குருவம்மா. மெதுவாத் தான் சொன்னா. "பாருங்க. எல்லாரும் நல்லாப் பாருங்க."

ஆம்பளைங்க எல்லாம் தரையைப் பார்த்தாங்க. மன்னாடி தொண்டையைச் செருமி, "வழக்கம்னு ஒண்ணு..."ன்னு ஆரம்பிச்சாரு.

அப்போ காத்தாயி எழுந்தா. மடியில இருந்த சுளகு தடால்னு விழுந்துச்சு. கிழவி நடந்து வந்து, மருமக மடியில சொட்டுற பாலைத் தொட்டுப் பார்த்தா. ஒரு தடவை. ரெண்டு தடவை. அது சூடா இருந்துச்சு.

"வத்தலையே"ன்னா.

மன்னாடி பக்கம் திரும்பினா.

"வத்தவே இல்லையேய்யா மன்னாடி. நான் ஆறு பெத்தேன். உன் பேச்சைக் கேட்டு ஆறையும் அந்தக் கல்லு மேல தான் வச்சிருந்தேன். ரெண்டு தான் மிஞ்சுச்சு. அப்போ என் நாலு பிள்ளைங்க? அதுங்க எதுக்குய்யா செத்துச்சுங்க?"

மன்னாடி இன்னும் கொஞ்சம் பின்னால நகர்ந்தாரு.

காத்தாயி அழுதாளான்னு கேக்குறியா? அழல. வாசலுக்குப் போனா. அங்க கூதலன் ஒடிஞ்ச விரலோட நின்னுக்கிட்டு, "ஹூஊ... பாட்டி, நல்லா இருக்கியா"ன்னு தேனா ஆரம்பிச்சான். கிழவி அவன் மூஞ்சியிலேயே கதவைச் சாத்தினா. படார்! அப்படியே கதவுல முதுகைக் குடுத்து உக்காந்துக்கிட்டா. "இனி எவளாவது வெளிய உக்காரணும்னு எவனாவது சொன்னா, என்னைத் தாண்டிப் போய் அவன் உக்காரட்டும்"னா.

நல்லய்யன் கம்பளியை எடுத்துக்கிட்டு மெல்லக் குருவம்மா பக்கத்துல வந்தான். "குருவு, கோவம் போயிடுச்சா?"ன்னான்.

"போகல"ன்னா.

"கம்பளி?"

"அதை வச்சுட்டுப் போங்க."

அவ்வளவு தான். அந்த ஐப்பசி முழுக்க அவ அந்த எடத்தை விட்டு நகரல. கோவமும் அவளை விட்டு நகரல. பிள்ளை மட்டும் நெருப்போரமா, வாயோரம் பால் வழிய, கதகதன்னு தூங்கிச்சு.

எங்க, உன் காலைக் காட்டு. ம், சூடாத் தான் இருக்கு. கதவும் சாத்தி இருக்கு. கதை ஆறிப் போச்சு. நீ ஆறாம தூங்கு.