ஆமை தாழ் போட்டுக்கொண்ட நாள்

அந்தக் காலத்தில் ஆமையின் ஓட்டுக்குக் கதவு கிடையாது. ஆமையும் பேசும், செடியும் பேசும். அப்படியிருந்த ஒரு நாள், விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் ஆனபின், பூவாத்தாளின் குடிசைக்குள் 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது.

பாம்புதான் என்று நினைத்தாள். தூளியில் கிடந்த கைப்பிள்ளையை வாரியெடுத்து மாரோடு அணைத்துக்கொண்டாள். புருஷன் ஆடு ஓட்டிக்கொண்டு போய் மூன்று நாள் ஆகிறது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் இல்லை. மறுபடியும் புஸ்ஸ். கொஞ்சம் விட்டு, இன்னொரு புஸ்ஸ். அடுப்பு மூலையிலிருந்துதான் வந்தது. விளக்கைத் தூக்கிப் பார்த்தாள். பாம்பில்லை. சுண்டு.

அவள் வீட்டில் வளர்ந்த ஆமையின் குட்டி அது. எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். வாயை ஆவென்று திறந்து, உள்ளிருக்கிற மூச்சையெல்லாம் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தாய் ஆமை அசையாமல் நின்றது.

"என்னக்கா ஆச்சு?"

"சாயங்காலம் நீ கொண்டாந்த தழை, தங்கச்சி. கொழுந்தாப் பாத்து அவனுக்குத்தான் முதல்ல குடுத்தேன். நான் இன்னும் வாய் வைக்கல."

பூவாத்தாள் மீதிக் கிடந்த தழையைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த வருஷம் மழையில்லை. குடிசையைச் சுற்றியிருந்த அறுகும் மூக்கிரட்டையும் கருகிப்போய், ஓடைக்கு அக்கரையில் மட்டும்தான் பச்சை மிச்சமிருந்தது. ஆமை அங்கே நடந்து போய்ச் சேர்வதற்குள் பொழுது விடிந்துவிடும். அதனால் பூவாத்தாள்தான் போய் அறுத்து வருவாள். அறுப்பதற்கு முன் செடியிடம் பேர் கேட்கவேண்டும், கேட்டால் செடி உள்ளதைச் சொல்லும். அதுதான் அன்றைய வழக்கம். துத்தி என்றால் அறுக்கலாம். எருக்கு என்றால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு விலகிவிடலாம்.

அன்றைக்கும் ஆமை கேலி பேசித்தான் அனுப்பியது. "உன் பிள்ளை அழற அழுகைக்கு ஓடைத் தவளையெல்லாம் ஊரைக் காலி பண்ணிடுச்சு. சட்டுன்னு போயிட்டு வா."

திரும்பி வந்ததும் வழக்கம்போலக் கேட்டது. "பேர் கேட்டியா?"

"கேக்காம இருப்பேனாக்கா? துத்தின்னு சொல்லிச்சு."

கேட்டிருந்தாள். அது நிஜம்.

இப்போது ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் விளக்குமாக ஓடைக்கு ஓடினாள். அறுத்த இடம் அப்படியே இருந்தது.

"நீ துத்திதானே?"

"துத்திதான், தாயி," என்றது செடி.

விளக்கைக் கிட்டே பிடித்தாள். அப்போதுதான் தெரிந்தது. துத்தியின் தண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு கொடி ஏறியிருந்தது. அதற்கும் துத்தி மாதிரியே வெற்றிலை வடிவ இலை. அதிலும் அவளுடைய அரிவாள் பட்டிருந்தது. ஓர் இலையைக் கிள்ளினாள். காம்பிலிருந்து வெள்ளையாக விஷப்பால் வடிந்து அவள் விரலில் இறங்கியது.

"நீ யாரு?"

"வேலிப்பருத்தி."

"அறுக்கும்போது ஏன் வாயைத் திறக்கல பாவி?"

"கேட்டாத்தானே சொல்லணும்? நீ கேட்டது துத்தியை. இடுப்புல பிள்ளை அலறிச்சு. ரெண்டு பேரையும் ஒரே பிடியா அறுத்துக்கிட்டு ஓடிட்ட."

"அந்தக் குட்டி பிழைக்குமா?"

கொடி பேசவில்லை. கேட்டால் உள்ளதைத்தான் சொல்லவேண்டும். அதனால்தான் பேசவில்லை.

குடிசையை நெருங்கும்போதே பூவாத்தாளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே சத்தமில்லை. அந்தப் புஸ்ஸ் இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்று வாசலிலேயே நின்றாள். கேட்கவில்லை.

"அக்கா, என்னை ரெண்டு வார்த்தை திட்டிடு."

"எதுக்குத் திட்டணும்? பேர் கேட்டியான்னேன், கேட்டேன்னு சொன்ன. நீ பொய் சொல்லல." ஆமை அவளைப் பார்க்காமலே சொன்னது. "பொய்யா இருந்தா உன்னை மட்டும் நம்பாம இருந்துக்கலாம். இப்ப யாரை நம்பி நான் வாயைத் திறக்கறது?"

பூவாத்தாள் விளக்கைக் கீழே வைத்தாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, மீதியிருந்த தழையைத் தரையில் பரப்பினாள். ஒவ்வோர் இலையாகக் காம்பைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தாள். பால் வந்ததையெல்லாம் அடுப்பில் போட்டாள். விடியும்போது துத்தி இலை ஒரு கைப்பிடி மிஞ்சியது. அதை ஏந்திக்கொண்டு போய் ஆமையின் முன்னால் வைத்தாள்.

"எல்லாம் துத்திதான்க்கா. ஒண்ணொண்ணாப் பாத்துட்டேன். ஒரு வாய் சாப்பிடு."

ஆமை இலையைப் பார்த்தது. அவள் கையைப் பார்த்தது. பிறகு, சுண்டு விட்ட மாதிரியே நீளமாக ஒரு மூச்சு விட்டது. புஸ்ஸ். தலை உள்ளே போனது. முன்னங்கால்கள் இரண்டும் மடங்கி, இரட்டைக் கதவு போல ஓட்டின் வாசலை அடைத்துக்கொண்டன. பூவாத்தாள் ஓட்டைத் தட்டினாள். அக்கா, அக்கா என்று கூப்பிட்டுப் பார்த்தாள். உள்ளேயிருந்து பேச்சு வரவில்லை, அன்றைக்கும் சரி, பிறகும் சரி. ஓடைக்கரையிலும் எந்தச் செடியும் அதற்கப்புறம் யாருக்கும் பேர் சொல்லவில்லை.

அன்று முதல்தான் ஆமைக்குத் தழை போடுகிறவர்கள் கொடி வேறு, செடி வேறாகப் பிரித்து, இலை இலையாகப் பார்த்துப் போடுகிறார்கள். அன்று முதல்தான், எவ்வளவு பார்த்து எடுத்த இலையை நீட்டினாலும், கை கிட்டே வந்ததும் ஆமை தன் பிள்ளையின் மூச்சை ஒருமுறை விட்டுவிட்டு, உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்கிறது.