பதினொரு தடவை நிறைவேறிய மண்டபம்

விடுதலைக்காகச் சிறையில் செத்த தியாகி அருணகிரிக்கு மணிமண்டபம் கட்ட வேண்டுமென்று ஒரு சட்டசபையில் வருஷம் தவறாமல் தீர்மானம் நிறைவேறும். கை வலிக்க மேஜையைத் தட்டுவார்கள். காப்பி குடித்துவிட்டுக் கலைவார்கள்.

ஒரு நாள் தியாகியின் வயதான மகளே மண்டபத்தைப் பார்க்க வந்துவிட்டார். சபாநாயகருக்கு வியர்த்தது. டவாலிச் சேவகன் மாசானத்தைத் தனியே அழைத்தார்.

"அம்மாவுக்கு மண்டபத்தைக் காட்டு. இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னே, உன் வேலை போச்சு!"

"சரிங்க ஐயா."

மாசானம் அந்த அம்மாளை நேரே ஆவண அறைக்குக் கூட்டிப்போய்ப் பீரோவைத் திறந்தான். உள்ளே தூசி படிந்த கோப்புகள்.

"இதுதாம்மா மண்டபம். பதினொரு தடவை நிறைவேறியிருக்கு."

அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பீரோவைக் கும்பிட்டார். பின்னாலேயே வந்த சபாநாயகரும் கழற்ற வேண்டியதாயிற்று.

மறுநாளே மாசானத்துக்கு வேலை போனது. அதற்குத் தீர்மானம் எதுவும் தேவைப்படவில்லை.