மூன்று பேர் யோசனையில் ஒரு கூடு

எறும்பும் சிலந்தியும் குருவியும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், பச்சையாள் என்றொரு சிட்டு இருந்தாள். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். புருஷன் பெயர் செந்தலையன். நல்லவன். வேலைக்கு ஆகமாட்டான்.

அவர்கள் இனத்துக்கே கூடு கட்டத் தெரியாது. கிளைக் கவட்டில் முட்டை வைப்பார்கள். காற்று தள்ளிவிடும். பச்சையாளுக்கு இரண்டு தடவை அப்படிப் போயிற்று. மூன்றாவது முட்டை வயிற்றில் கனத்தது.

“இன்னும் இரண்டு நாள்தான்” என்றாள்.

“இந்தத் தடவை காற்று அடிக்காது” என்றான் செந்தலையன்.

“உன்னிடம் சொல்லிவிட்டுப் போனதாக்கும்!”

கிளம்பிவிட்டாள்.

ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவி தலைகீழாகத் தொங்கிப் புல் பின்னிக்கொண்டிருந்தான். “அண்ணே, எனக்கும் சொல்லிக் கொடேன்.”

“பை மாதிரிப் பின்னு. முட்டை உருளாது. அவ்வளவுதான்.”

அவ்வளவுதானாம்! அரை நாள் பின்னினாள். புல் அவள் கழுத்தைச் சுற்றியதுதான் மிச்சம்.

முசுறு எறும்புகளிடம் போனாள். அவை இலையோடு இலையை இழுத்துப் பிடித்து, தங்கள் பிள்ளைகளான புழுக்களின் வாயில் ஊறும் பசையால் ஒட்டிக்கொண்டிருந்தன. “உன் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வா” என்றன.

“என் பிள்ளை வாயில் கத்தல்தான் வரும்” என்று திரும்பினாள்.

சிலந்தி நூல் கொடுத்தாள். “இது கொசுவைத் தாங்கும். முட்டையைத் தாங்காது. அப்புறம் என்னைக் குறை சொல்லாதே.”

அலகில் நூல் தொங்க, பூவரச மரத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

“என்ன கிடைத்தது?” என்றான் செந்தலையன்.

“ஒன்றுக்கும் ஆகாத மூன்று யோசனை.”

கோபத்தில் பக்கத்து இலையை ஒரு கொத்துக் கொத்தினாள். ஓட்டை விழுந்தது. அலகோடு நூலும் உள்ளே போயிற்று.

பச்சையாள் அந்த ஓட்டையையே பார்த்தாள்.

“யோவ், அந்த ஓரத்தை மடக்கிப் பிடி!”

பிடித்தான். அங்கும் ஒரு ஓட்டை போட்டு நூலை இழுத்தாள். உருவிக்கொண்டு வந்தது. நுனியில் இலவம் பஞ்சைத் திரித்து முடிச்சாக்கி மறுபடி இழுத்தாள். நின்றது! மடமடவென்று தைத்தாள். பொழுது சாய்வதற்குள், காம்போடு இருந்த இலை பையாகிவிட்டது. எறும்புகளின் இலை, சிலந்தியின் நூல், தூக்கணாங்குருவியின் பை. ஊசி மட்டும் அவளுடையது.

முட்டையிட்டாள். காற்று அடித்தது. இலை ஆடியது, முட்டை அசையவில்லை.

மறுநாளே வந்துவிட்டார்கள், மூன்று பேரும். எறும்புகள் காம்புவரை ஏறிவிட்டன.

“யோசனைத் திருடி! பிரித்துப் போடுவோம்!”

பைக்குள் இடம் போதாமல் வாலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பச்சையாள் நகரவில்லை. “உங்கள் யோசனைதான். இல்லை என்று யார் சொன்னது?”

“இன்றைக்குச் சொல்வாய். நாளைக்கு?” என்றது ஒரு எறும்பு.

நியாயமான கேள்விதான்.

“நாளைக்கும் சொல்கிறோம். தினமும், ஊருக்கே கேட்கிற மாதிரி” என்றவள் புருஷனைப் பார்த்தாள். “நான் முட்டையை விட்டு எழுந்திருக்க முடியாது. நீ சொல்.”

செந்தலையன் கூச்சப்பட்டான். என்னமோ முனகினான்.

“கேட்கவில்லை” என்று எறும்புகள் நூலில் வாய் வைத்தன.

அவ்வளவுதான். கிளை நுனியில் போய் நின்று, இலை யாருடையது, நூல் யாருடையது, பை யாருடையது என்று தொண்டை புடைக்கக் கத்தினான் பாருங்கள், மூன்று தோப்புக்குக் கேட்டது. எறும்புகள் இறங்கிப் போயின.

அன்று முதல்தான் தையல்சிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு, அத்தனூண்டு உடம்பில் அந்தக் கத்துக் கத்துகிறது. உங்கள் வேலியில் வந்து கத்தினால் விரட்டாதீர்கள். பெண்டாட்டி சொன்ன வேலையைத்தான் பார்க்கிறான்.