ஐந்தாவது நிழல்

"குருவே, கிடைச்சிருச்சு! ஒரே இடத்துல அஞ்சு சூரியன்!"

அருளானந்து ஹெட்போனில் போட்ட கூச்சலில் மெஹருன்னிசாவுக்குக் காது அடைத்தது.

ஐம்பது வயதில் அந்த விண்வெளி விளையாட்டுக்குள் நுழைந்தவர் அருளானந்து. கப்பல் ஓட்டக் கற்றுக்கொடுத்தது மெஹர். குருவுக்கு வயது முப்பதுதான்.

அங்கே ஒரு வழக்கம். புது நட்சத்திரத்தை ஸ்கேன் செய்தால் மட்டும் போதாது, நிலையத்துக்குத் திரும்பிப் போய்ப் பதிய வேண்டும். முதலில் பதிகிறவர் பெயர் அதன்மேல் என்றைக்கும் நிற்கும். அருளானந்துவின் பெயர் இதுவரை ஒரு கூழாங்கல்லின்மேல்கூட இல்லை. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு முந்திரிக்கொட்டை முந்திவிடும்.

மெஹரின் கப்பல் பக்கத்தில் வந்து நின்றது.

"ஸ்கேன் முடிஞ்சுதாண்ணே?"

"முடிஞ்சுது. கிளம்புறேன்."

"பாத்துட்டீங்களா?"

"அதான் ஸ்கேன் பண்ணிட்டேனே!"

மெஹர் கீழே தெரிந்த பாறைக் கோளில் தன் கப்பலை இறக்கினார்.

குரு இறங்கியபின் சீடன் கிளம்பினால் நன்றாகவா இருக்கும்? அருளானந்து பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார்.

"இன்னொரு கப்பலும் இந்தப் பக்கம்தான் சுத்துது குருவே. முந்திருவான்."

"முந்தலாம். வெளிய வாங்கண்ணே."

இருவரும் பாறைமேல் நின்றார்கள்.

"காலுக்குக் கீழ பாருங்க."

அருளானந்துவின் நிழல் ஒன்று நீலமாக நீண்டு கிடந்தது. இன்னொன்று செம்மண் நிறம். பின்னால் இரண்டு, ஒன்றையொன்று உரசிக்கொண்டு.

"நாலுதான் இருக்கு. அஞ்சாவது எங்க?"

"அது இன்னும் உதிக்கலை."

அவர் தலை நிமிர்ந்தார்.

இரண்டு வெள்ளைச் சூரியன்கள், தட்டாமாலை சுற்றும் பிள்ளைகளைப்போல, ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தன. தள்ளி ஒரு நீலம். அதற்கும் தள்ளி ஒரு சிவப்பு. எல்லாம் எதையோ சுற்றின. நடுவில் ஒன்றுமே இல்லை.

"அடேயப்பா," என்றார் அருளானந்து. இவ்வளவு அழகை அவர் எந்தத் திரையிலும் பார்த்ததில்லை.

தலைக்கு மேலே ஒரு கப்பல் மின்னியது. ஒரே சுற்று. ஸ்கேன் செய்துவிட்டு நிலையத்தை நோக்கிப் பறந்தது.

அருளானந்துவின் விரல் கிளம்பும் பொத்தானுக்குப் போனது. இப்போது விரட்டினாலும் பிடித்துவிடலாம். அவர் கப்பல்தான் வேகம்.

வானத்தைப் பார்த்தார். விரல் பொத்தான்மேலேயே இருந்தது. அழுத்தவில்லை.



வெகு நேரம் கழித்து மெஹரின் திரையில் ஒரு செய்தி வந்தது.

"அண்ணே, அஞ்சு சூரியனுக்கும் அவன் பேரைப் பதிஞ்சுட்டான்."

பாறையின் விளிம்பு பொன்னிறமாகிக்கொண்டிருந்தது. அருளானந்துவின் காலடியில் இன்னொரு நிழல் மெல்லத் தலைகாட்டியது.

"உஷ்! பேசாதீங்க குருவே. வருது."