தளவாய் மிதித்த புல்

இந்தக் கதையில் வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் உண்டு. ஆனால் இப்போதே பல்லைக் காட்டக் கூடாது. முதலில் மண்ணைக் கொத்த வேண்டும், விதை போட வேண்டும், புல் முளைக்க வேண்டும். சிரிப்பு அதற்கப்புறம்தான்.

ஒரு காலத்திலே மாடமங்கலம் என்ற நாட்டை மகுடேசுவரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். திங்கட்கிழமை ஓர் ஆசை வந்தால் செவ்வாய்க்கிழமை நிறைவேற வேண்டும், புதன்கிழமை மறந்துவிடுவான். மயிலுக்குக் கொலுசு போட்டவன் அவன்தான். அப்படிப்பட்டவன் பக்கத்து நாட்டுக்கு விருந்துக்குப் போனான். அங்கே அரண்மனை முற்றத்தில் பாய் விரித்தாற்போல் கிடந்த புல்தரையில் வெறுங்காலோடு நடந்தான். திரும்பி வந்ததும் சபையைக் கூட்டினான்.

“எனக்குப் புல் வேண்டும். அந்த ராஜா நாற்பதாம் நாள் இங்கே வருகிறான். நம் முற்றத்தில் கால் வைத்ததும், ‘என் புல்லெல்லாம் ஒரு புல்லா’ என்று அவன் அழ வேண்டும்.”

கோடையிடி என்ற தளவாய் எழுந்தான். படைகளுக்கெல்லாம் தலைவன். பேசினால் தூண் அதிரும். மண்வெட்டிக்கு எந்தப் பக்கம் பிடி என்று தெரியாது. அவன் வீட்டில் மச்சினன் ஒருவன் மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அரண்மனைத் தோட்ட வேலையையும் அதோடு சேர்ந்த குளத்தங்கரை வீட்டையும் தன் தம்பிக்கு வாங்கிக் கொடுக்கச் சொல்லித் தளவாய் மனைவி தினமும் நச்சரித்தாள். அந்த வேலையில் இருந்தவளோ கொளஞ்சி என்ற தோட்டக்காரி.

“அரசே, கொளஞ்சி கைராசிக்காரி. நாற்பது நாளில் வளர்த்துவிடுவாள். வளராவிட்டால் வேலையும் வீடும் போகட்டும்; அவளும் நாட்டை விட்டுப் போகட்டும்.”

“நல்ல யோசனை,” என்றான் ராஜா, வாயில் முறுக்கோடு.

கொளஞ்சி கல் பொறுக்கினாள், கட்டி உடைத்தாள், மண்ணைச் சமமாக்கினாள். பொடி விதையை மணலோடு கலந்து குறுக்கும் நெடுக்குமாகத் தூவி, மேலே மெலிசாக மண் போட்டு மூடினாள். அப்புறம்தான் மலைத்தாள். மிதித்து அமுக்கினால்தானே விதை மண்ணோடு ஒட்டி முளைக்கும்? அவ்வளவு பெரிய முற்றத்தை ஒருத்தி எப்படி மிதிப்பது?

நேரே சபைக்குப் போனாள். தளவாய் காதில் விழும்படி முறையிட்டாள்.

“சாமி, வெதை போட்டிருக்கேன். யாராச்சும் மேல மிதிச்சா அத்தனையும் பாழ். ஒருத்தரும் காலு வெக்காம பாத்துக்கச் சொல்லுங்க.”

“சரி, சரி,” என்ற ராஜா உடனே மறந்துபோனான். தளவாய் மறக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் இருநூறு வீரர்கள் வெறுங்காலோடு முற்றத்தில் அணிவகுத்தார்கள். “இடது, வலது. அந்த மூலை மிதிபடவில்லை, அங்கே போ. தெரிகிறதா?” கடைசியில் தளவாயே இறங்கித் தொம் தொம்மென்று மிதித்தான்.

கொளஞ்சி தலையில் அடித்துக்கொண்டாள். “அந்த வேப்பமரத்தடியையாவது விட்டுருங்க ஐயா.”

வேப்பமரத்தடியும் மிதிபட்டது.

அவர்கள் போனதும், விதை அடித்துப் போகாதபடி பூப்போலத் தண்ணீர் தெளித்தாள். இரண்டு நாளில் விதை பொறுக்கக் குருவிக் கூட்டம் வந்து இறங்கியது. கொளஞ்சி தளவாயிடம் ஓடினாள்.

“ஐயா, குருவி வந்து கொத்துனாத்தான் வெதை தோலு உரிஞ்சு மொளைக்கும். உங்க ஆளுங்க முரசு கிரசு அடிச்சு வெரட்டிராம பாத்துக்குங்க.”

“சேச்சே, நான் அப்படிச் செய்வேனா?” என்றான் தளவாய், தேனொழுக.

அவள் முதுகைத் திருப்பியதும் பன்னிரண்டு முரசு வந்து இறங்கின. காலை முதல் மாலை வரை டமடம. குருவிகளோடு ராஜாவின் மதியத் தூக்கமும் பறந்தது.

“தளவாய், என்ன சத்தம் அது?”

“படைக்குப் பயிற்சி, அரசே.”

“கொஞ்சம் தாளத்தோடு அடிக்கச் சொல்.”

பத்தாம் நாள் புல் முளைத்தது. தளவாய்க்குச் சோறு இறங்கவில்லை. “அவ்வளவு மிதித்தும் முளைத்துவிட்டதே,” என்று புலம்பினான். “நீங்கள் மிதித்தது போதவில்லை,” என்றாள் மனைவி.

முப்பதாம் நாள் நாலு விரல் உயரம் நின்றது. ஆனால் இடையிடையே மண் தெரிந்தது. கொளஞ்சி ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தாள். கையோடு வரவில்லை, வேர் பிடித்துவிட்டது. இனி நுனியைக் கழித்தால் பக்கத்தில் கிளைத்து அடரும். ஆனால் ஒருத்தி அரிவாளோடு உட்கார்ந்தால் விருந்தாளி வந்து போய்விடுவான்.

“ஐயா,” என்று தளவாயிடம் தழுதழுத்தாள், “நுனியில ஆடு ஒரு கடி கடிச்சாலும் புல்லு பட்டுப்போயிரும். ஆட்டுக்காரங்ககிட்ட கொஞ்சம் சொல்லி வையுங்க.”

தளவாய் சொல்லி வைத்தான். அன்று மாலையே ஐந்நூறு செம்மறி உள்ளே நுழைந்தன. ஆட்டுக்காரனுக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை. “வயலுக்கு எருவாகட்டும்னு நெல்லு குடுத்து எங்கள கூப்புடுவாங்க. கெடுக்கச் சொல்லிக் கூப்புட்டது நீங்கதான் சாமி.”

“மேயவிடு. பேசாதே.”

ஆடுகள் நுனியை மேய்ந்தன. எருவையும் போட்டுவிட்டுப் போயின.

நாற்பதாம் நாள். விருந்தாளி ராஜா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தான். திரும்பவும் நடந்தான். “என்னுடையதைவிட மெத்தென்று இருக்கிறதே,” என்று முகம் சுருங்கினான். மகுடேசுவரனுக்குத் தலைகால் புரியவில்லை.

“கொளஞ்சி, அந்த வீடு இனி உனக்கே சொந்தம். எப்படி வளர்த்தாய், சொல்.”

“நான் எங்க சாமி வளத்தேன்? தூவுனதும் தண்ணி தெளிச்சதுந்தான் நானு. மிதிச்சு அமுக்குனது தளவாய் ஐயா. குருவிய வெரட்டுனது அவரு. நுனி கழிச்சு எரு போட்டதும் அவரேதான்.”

புகழ் காதில் விழுந்தால் தளவாய்க்கு மற்றதெல்லாம் விழாது. நெஞ்சை நிமிர்த்தினான். “ஆம் அரசே. எல்லாம் நானே.”

ராஜா அவனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மீசை துடித்தது. “இப்பேர்ப்பட்ட ஆளைப் படையில் வைத்து வீணாக்கலாமா? தளவாய், இன்று முதல் நீ தோட்டத்தில் இரு. கொளஞ்சிக்குக் கீழே.”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. எதற்கென்று தெரியாமல் தளவாயும் சேர்ந்து சிரித்தான். தோட்டத்துக்குள் ஒரு கால் வைத்தாயிற்று. புல் பட்டுப்போனால் பழி அவள் தலையில், வீடு மச்சினனுக்கு என்று அவன் மனம் கணக்குப் போட்டது.

மறுநாள் காலை முற்றத்தோரம் நாற்பது குடம் தண்ணீர் நிறைந்து நின்றது. கொளஞ்சி வேப்பமர நிழலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

“வாங்க ஐயா. இன்னைக்குப் புல்லுக்குத் தண்ணி மட்டும் காட்டிராதீங்க. வேர் அழுகிப்போயிரும்.” சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

தளவாய் இரண்டு பக்கமும் பார்த்தான். ஒரு குடத்தைத் தூக்கி ஊற்றினான். இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. வேர்வை ஆறாக ஓடியது. அழுகட்டும், நன்றாக அழுகட்டும்.

பதினேழாவது குடத்தைத் தோளில் ஏற்றியபோது தற்செயலாகத் திரும்பிப் பார்த்தான். ஊற்றிய இடமெல்லாம் புல் பளபளவென்று நிமிர்ந்து நின்றது. காய்ந்த இடம் வாடிக் கிடந்தது.

முதலில் படை. அப்புறம் முரசு. அப்புறம் ஆடு.

மெல்லத் தலையைத் திருப்பினான். கொளஞ்சி ஒரு கண்ணைத் திறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போதும் ஐயா,” என்றாள். “கொடத்தக் கீழ வெச்சிருங்க.”

வைப்பதா, ஊற்றுவதா? எதைச் செய்தால் அவள் நினைத்தது நடக்கும் என்று தெரியாமல், குடத்தைச் சுமந்தபடி நின்றான் தளவாய்.